அவன் பெயர் தைத்த சட்டை

பதக்கம் கேட்டு மனுப் போட்டது நானில்லை, என் மனைவி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த ஆசையெல்லாம் எப்போதோ விட்டுப்போயிருந்தது. ஆசை மட்டுமா, என் இடது கையில் மணிக்கட்டுக்குக் கீழே எல்லாமே விட்டுப்போனதுதான். கை இருக்கிறது, ஐந்து விரலும் இருக்கின்றன. சூடு தெரியாது, குளிர் தெரியாது, குத்தினால் தெரியாது. அதை நான் ஒரு சாமானைப் போலத்தான் எடுத்துப் போகிறேன், எடுத்து வருகிறேன்.

எனக்கு வேலை ஒரு பெரிய சலவைக்கூடத்தில். விடுதிகளிலிருந்து வண்டி வண்டியாக வரும் படுக்கை விரிப்புகளைச் சூட்டு உருளைக்குள் கொடுத்து எடுக்க வேண்டும். போன வருஷம் ஒருநாள் பக்கத்தில் நின்ற பெண், "அண்ணே, ஏதோ கருகுற வாடை வருது" என்றாள். நானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு விரிப்பையெல்லாம் புரட்டிப் பார்த்தேன். கருகியது என் சுண்டுவிரல்.

முதலாளி தங்கமான மனிதர். ஆனால் அவருக்கும் பயம் இருக்குமல்லவா? "கைக்கு வைத்தியம் பாத்துட்டு வாங்க, அப்புறம் மெஷின்ல நிக்கலாம்" என்று சொல்லிவிட்டார். படைவீரர் ஆஸ்பத்திரிக்குப் போனால் பணிப் புத்தகம் கொண்டுவா என்றார்கள். இருபது வருஷமாகப் பெட்டியின் அடியில் கிடந்த அந்தப் புத்தகத்தை என் மனைவி எடுத்துத் தூசி தட்டினாள். தட்டியதோடு விட்டிருக்கலாம். படித்தாள்.

"அனுமதியின்றி ஒன்பது நாள் பணிக்கு வரவில்லை. பதினாலு நாள் தண்டனை. இது என்னங்க?"

"அது கிளார்க் பண்ண தப்பு" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயில் வந்தது. எங்கள் கல்யாணம் சண்டையெல்லாம் முடிந்து மூன்று வருஷம் கழித்து நடந்தது. கண்ணிவெடியில் கை போனது என்று மட்டும் அவளிடம் சொல்லியிருந்தேன். புத்தகத்தில் கண்ணிவெடி என்ற வார்த்தையே கிடையாது. ஒன்பது நாள்தான் இருந்தது.

அதை அவள் தம்பியும் பார்த்துவிட்டான். அவனுக்கு வாய் சும்மா இருக்காது. "அத்தான், ஒன்பது நாள்ல எவ்வளவு தூரம் ஓடினீங்க?" என்று சிரித்தான். என் மனைவி சிரிக்கவில்லை. அவன் முன்னால் வைத்த தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றோடு அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சு நின்றது. அடுத்த வாரம் அவள் ஒரு வெள்ளைத் தாள் கட்டு வாங்கி வந்தாள்.

"போர்க்காயப் பதக்கம்னு ஒண்ணு இருக்காம். அத வாங்கிட்டா நீங்க ஓடிப்போகலைன்னு கவர்மெண்டே எழுதிக் குடுத்த மாதிரி. எவனும் வாயத் திறக்க முடியாது" என்றாள்.

"விடும்மா, யார் என்ன சொன்னா என்ன" என்றேன்.

"உங்களுக்குச் சொரணையே கிடையாதா?"

"அதான் டாக்டரும் சொல்றாரு" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மனுவைத் தடுக்க எனக்கு அப்புறம் வாய் வரவில்லை.

முதல் மனுவுக்கு நாலே வரியில் பதில் வந்தது. தாங்கள் குறிப்பிடும் தேதியில் தாங்கள் முகாமிலேயே இல்லை என்பதால் நிராகரிக்கப்படுகிறது. மேல்முறையீட்டை அவளே எழுதினாள், அவளே தபாலில் போட்டாள். ஐந்து மாதம் கழித்து, நேரில் வரவும் என்று கடிதம் வந்தது.

என்ன நடந்தது என்று இப்போது சொல்லிவிடுகிறேன். நானும் ஒட்டடையும் ஒரே லாரிக்கு இரண்டு டிரைவர்கள். ஒட்டடைக்குச்சி மாதிரி நெட்டையாக இருந்ததால் அவனுக்கு அந்தப் பெயர். நான் கட்டை. முகாமிலிருந்து முன்வரிசைக்கு அரிசி மூட்டையும் தண்ணீர் பீப்பாயும் கொண்டுபோவது வேலை. ஒரு நாள் அவன், ஒரு நாள் நான்.

வண்டி ஓட்டுகிறவன் குண்டு துளைக்காத சட்டை போட வேண்டும். ஆளுக்கொரு சட்டை, நெஞ்சில் பெயர் தைத்தது. புழுதிக்காக முகம் முழுக்கத் துணி, கண்ணுக்குக் கண்ணாடி, தலையில் இரும்புத் தொப்பி. வாசலில் நிற்கும் காவல் சிப்பாய் முகத்தை எங்கே பார்ப்பான்? நெஞ்சில் இருக்கும் பெயரைப் படித்து நோட்டில் எழுதுவான். எங்கள் சலவைக்கூடத்தில் துணியில் குத்திய எண்ணைப் பார்த்துத்தான் எந்த விடுதி என்று பிரிக்கிறோம். அந்த மாதிரி.

இதை வைத்து டிரைவர்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. ஒருத்தனுக்குத் தலைபோகிற காரியம் என்றால் அவன் கழன்றுகொள்வான். மற்றவன் இரண்டு சட்டையையும் போடுவான், ஒரு நாள் தானாக, ஒரு நாள் அவனாக. வண்டி கிளம்பும் முன் காலை ரோல்காலில் பெயர் கூப்பிடும்போது இரண்டு பேருக்கும் குரல் கொடுக்க வேண்டும். அன்றைக்கு வண்டி எடுக்கிற டிரைவரின் பெயரை ரோல்காலில் கூப்பிடவே மாட்டார்கள் என்பதால் அதுவும் பாதி நாள்தான். எல்லோரும் செய்தார்கள். யாரும் மாட்டியதில்லை.

ஒட்டடையின் பெண்டாட்டிக்கு முதல் பிரசவம். வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று கடிதம் வந்தது. விடுப்புக் கேட்டான், தரவில்லை. "போய்ட்டு வாடா, நான் பாத்துக்கறேன்" என்றேன். போக நான்கு நாள், வர நான்கு நாள் என்று கணக்கு.

ஐந்தாம் நாள் காலை நான் அவன். அவன் சட்டை எனக்கு முட்டி வரைக்கும் தொங்கியது. பாலம் தாண்டியதும் முன்சக்கரம் கண்ணிவெடியில் ஏறியது. அதற்குப் பிறகு எனக்கு நினைவு வந்தது ஆஸ்பத்திரியில். கட்டிலின் கால்மாட்டில் ஒட்டடையின் பெயரை எழுதி அட்டை மாட்டியிருந்தது. நெஞ்சில் தைத்த பெயரைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள், அவர்கள் மேல் என்ன தப்பு? முகாமிலே தினமும் காலையில் என் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆள் இல்லை.

பாதை அடைபட்டு நாலைந்து நாள் தாமதமாக ரயிலிலிருந்து இறங்கிய ஒட்டடை, வழியில் கேள்விப்பட்டு, நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தான். என்னைப் பார்த்து அழுதான். அப்புறம் பிள்ளையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினான். அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்தோம். உண்மையைச் சொன்னால் அவனுக்குச் சிறை நிச்சயம், எனக்கும் நிச்சயம். என் கைக்கட்டை அவிழ்த்தோம். அவன் நல்ல கையில் அதைச் சுற்றினேன். நான் ஒரு கையால் சுற்ற, அவன் பல்லால் முடிச்சுப் போட்டான். அவன் காயம்பட்டவனாக முகாமுக்குள் போனான். நான் ஓடிப்போய்த் திரும்பியவனாகப் போனேன். கை என்னாச்சு என்றார்கள், சாக்கடையில் விழுந்தேன் என்றேன். பதினாலு நாள் கக்கூஸ் குழி வெட்டச் சொன்னார்கள். அந்தக் கையோடு வெட்டினேன். கட்டுப் போட்டவன் நிழலில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஒரு வாய் சோறு ஒழுங்காகத் தின்னவில்லை அந்தப் பதினாலு நாளும்.

இரண்டு வருஷம் கழித்து, என் கல்யாணத்துக்கு முன்பே, காயம்பட்டவர்கள் எல்லோருக்கும் பதக்கம் தபாலில் போயிற்று. அதை எடுத்துக்கொண்டு ஒட்டடை என் வீட்டுக்கு வந்தான். "இது உன்னோடதுடா" என்று மேசையில் வைத்தான். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. "கொண்டுபோய் உன் பொண்ணு விளையாடக் குடு" என்றேன். அதற்குப் பிறகு நாங்கள் அதிகம் பார்த்துக்கொள்ளவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் அவன் போய்ச் சேர்ந்தான், ஈரல் கெட்டு.

விசாரணைக்குப் போன அன்று அந்த அலுவலகத்தின் நீள வராந்தாவில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒட்டடையின் மனைவியும் மகளும். அன்றைக்கு அந்தச் சாலையில் காயம்பட்டதாக இருக்கும் ஒரே ஆஸ்பத்திரி அட்டை அவன் பெயரில். அதனால் அவர்களையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

"வாங்கண்ணே" என்றாள் ஒட்டடையின் மனைவி. அவள் மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் பதக்கத்தின் சிவப்பு நாடா தெரிந்தது.

மகள் என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. இருபத்துமூன்று வயதிருக்கும், அப்பனைப் போலவே நெட்டை. "நீங்கதானே அப்பாவ வண்டியில தனியா அனுப்பிட்டுப் போனவரு?" என்றாள்.

"சும்மா இருடீ" என்றாள் அம்மா.

"நான் ஏன்மா சும்மா இருக்கணும்? நான் பொறந்த அன்னைக்கு எங்கப்பா ரத்தத்துல கிடந்தாரு. பெத்த புள்ளைய அன்னைக்குப் பாக்கக் குடுத்து வைக்கல. வருஷா வருஷம் என் பொறந்தநாள்ல அப்பா அந்தப் பதக்கத்த எடுத்துப் பாத்துட்டு ஒண்ணும் பேசாம உக்காந்திருப்பாரு. இப்ப இவரு வந்து அது தன்னோடதுங்கறாரு."

என் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். வலது கையால்தான். ஒட்டடையின் மனைவி என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அவளுக்கு எல்லாம் தெரியும். வேண்டாம் என்று அவள் கேட்கவில்லை, கேட்டிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். உள்ளே போவதற்கு முன்பே நான் முடிவு பண்ணிவிட்டேன். வருத்தமாகக்கூட இல்லை. இருபத்துமூன்று வருஷம் ஓடிப்போனவனாக இருந்தாயிற்று, இன்னும் கொஞ்சம் வருஷம்தானே.

எங்கள் நாலு பேரையும் ஒன்றாகவே உள்ளே கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் இரண்டு பேர். நடுவில் தலைவர், ஓய்வுபெற்ற அதிகாரி. பக்கத்தில் ஒரு டாக்டர், இளவயது. டாக்டர் என் கையை மேசைமேல் வைத்து ஒரு ஊசியால் விரல் விரலாகக் குத்தினார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குத்துகிறார் என்று எனக்குத் தெரிந்ததே என் மனைவி முகத்தைப் பார்த்துத்தான்.

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "உள்ள ஏழெட்டு இரும்புத் துணுக்கு இருக்கு. உங்க தண்டனைப் பதிவுல இருக்கற மாதிரி சாக்கடையில விழுந்தா இது வராது" என்றார். பழைய அட்டையை எடுத்தார். "இதுலயும் இடது கை, மணிக்கட்டுக்குக் கீழ. அதே இடம். அன்னைக்கு வண்டி ஓட்டினது யாருங்க?"

"அவன்தான் சார்."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"நான் ஓடிப்போயிட்டேன்."

என் மனைவியின் நாற்காலி கிரீச்சிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. தலைவர் பேனாவை எடுத்தார். முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அந்த டாக்டர் விடுகிற ஆளாக இல்லை.

"ஒரு நிமிஷம் சார். இந்த அட்டைப்படி அன்னைக்கு மூணு பாட்டில் ரத்தம் ஏத்தியிருக்காங்க. அங்கேயே சோதிச்சு எழுதியிருக்கு, ஏபி பாசிட்டிவ். இவரோட புத்தகத்துலயும் ஏபிதான்."

"ஊர்ல நான் ஒருத்தன்தானா ஏபி?" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

அப்போது பின்னால் ஒட்டடையின் மகள் எழுந்தாள்.

"எங்கப்பாவுக்கா? ஏபியா?" என்றாள். "சார், நான் ரத்த வங்கியில வேலை பாக்கறேன். என்னோடது ஓ. அப்பா ஏபியா இருந்தா புள்ளைக்கு ஓ வராது."

டாக்டர் அட்டையைக் கீழே வைத்தார். "ஆமா, வராது" என்றார் மெதுவாக.

அந்தப் பெண் அம்மாவைப் பார்த்தாள். அறையில் இருந்த எல்லோரும் பார்த்தோம். ஒன்று அந்த அட்டை அவள் அப்பனுடையது இல்லை, அல்லது அவள் அந்த அப்பனின் பெண் இல்லை. ஒட்டடையின் மனைவி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. பிளாஸ்டிக் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். புருஷனை ஓடிப்போனவன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, தன்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

இத்தனை நேரம் மரத்துக் கிடந்த எனக்கு அப்போது வந்தது கோபம். யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை. எழுந்து மேசையைத் தட்டினேன். இடது கை, எவ்வளவு வேகமாகத் தட்டினேன் என்று சத்தத்தில்தான் தெரிந்தது.

"அந்தப் பொண்ண அப்படிப் பாக்காதீங்க. அட்டை என்னோடது. ரத்தம் என்னோடது. அவன் சட்டையப் போட்டுக்கிட்டு நான் போனேன். அவன் வீட்டுக்குப் போயிருந்தான், பிரசவத்துக்கு. நான்தான் போடான்னு அனுப்பினேன்."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். கைக்கட்டை மாற்றிக் கட்டியதையும், குழி வெட்டியதையும். முடித்ததும் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க சொல்றத நான் நம்பறேன்" என்றார். "ஆனா இன்னொருத்தர் பேர்ல வெளிய போனது குத்தம். குத்தம் பண்ணும்போது பட்ட காயத்துக்குப் பதக்கம் கிடையாதுன்னு விதியில தெளிவா இருக்கு. உங்களுக்குக் குடுக்க முடியாது. அவருக்குக் குடுத்ததும் திரும்ப வரணும். ஒண்ணுதான் நான் பண்ண முடியும். அந்த ஒன்பது நாள உங்க புத்தகத்துலேருந்து எடுத்துடறேன்."

"எடுத்துட்டு?" என்றேன்.

"அவர் இல்லாத நாளையெல்லாம் அவர் புத்தகத்துல எழுதணும்."

ஒட்டடையின் மனைவி எழுந்து வந்தாள். பையிலிருந்து பதக்கத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். பின்னால் இருந்த ஊசி கழன்றிருந்தது, ஒரு கம்பியை வளைத்துக் கட்டியிருந்தார்கள். தலைவர் அதை ஒரு உறைக்குள் போட்டு ஒட்டினார்.

வராந்தாவுக்கு வந்ததும் என் மனைவி என்னை நிறுத்தினாள். "ஒன்பது நாள் எங்கங்க போனீங்கன்னு கேட்டேன். ஆஸ்பத்திரியிலன்னு ஒரு வார்த்தை. என்கிட்டகூடவா?" என்றாள். அப்படியே என் இடது கையை எடுத்துப் பார்த்தாள். மேசையில் தட்டியதில் தோல் கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. கைக்குட்டையால் கட்டிவிட்டாள். ஆட்காட்டி விரல் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

ஒட்டடையின் மகள் கொஞ்ச தூரத்தில் சுவரோரமாக நின்றிருந்தாள். அவளுடைய அம்மா பக்கத்தில் போகப் போக அவள் நகர்ந்துகொண்டே இருந்தாள். கடைசியில் எங்களிடம் வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றேன்.

"அப்பா என்னைப் பாத்தாரா மாமா? அன்னைக்கே?"

"பாத்தான்மா. பொறந்து துடைச்சதும் அவன் கையிலதான் குடுத்தாங்களாம்."

"தூக்கினாரா?"

"ராத்திரி பூரா கீழ வைக்கலைன்னு சொன்னான். வண்டியப் புடிக்கணுமேன்னுதான் இறக்கி வச்சானாம். அப்பகூட நீ அவன் விரலப் புடிச்சுக்கிட்டு விடலையாம். பிரிச்சு எடுக்க ரெண்டு பேர் வேண்டியிருந்ததுன்னு சிரிச்சான்."

"அப்படியெல்லாமா சொன்னாரு?"

"ஒரு மணி நேரம் சொன்னான். நீ எப்படிப் புடிச்சேன்னு என் விரலப் புடிச்சுக் காட்டினான்."

"எந்த விரல்?"

கைக்குட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்த விரலைக் காட்டினேன். அன்றைக்கும் கட்டுக்கு வெளியே அது ஒன்றுதான் இருந்தது. ஒட்டடை அதைப் பிடித்தபடி, "இப்படிடா, இப்படி" என்றான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதை அவனிடம் சொல்ல மனசு வராமல் தலையாட்டினேன்.

அந்தப் பெண் கையை நீட்டி என் விரலைச் சுற்றிப் பிடித்தாள்.

"இப்படியா மாமா?"

"இன்னும் கொஞ்சம் அழுத்தமா."

"இப்ப?"

அவள் எவ்வளவு பிடிக்கிறாள் என்று எனக்கு எங்கே தெரியும்? அவளுடைய நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை வெளுக்கும் வரை பார்த்தேன்.

"ஆமா, இப்படித்தான்" என்றேன்.

அவள் விடவில்லை.